நாளிதழ் நிருபர் இணையச் செய்திக்கு மாறினால் உண்மையில் எது மாறுகிறது?

நாளிதழில் வேலை பார்க்கும் நண்பர், செய்தித் தளத்துக்கு மாறலாமா, மாறினால் எதை இழப்பேன் என்று கேட்டிருக்கிறார். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் நாளிதழ் நிருபராக இருந்து, இப்போது சென்னையில் ஒரு செய்தித் தளத்தில் இருக்கிறேன்.

வேகம்தான் பெரிய மாற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, பதிப்பு எல்லை இல்லாமல் போனதுதான். பாம்பனில் இருந்து நான் அனுப்பும் செய்தி மாவட்டப் பக்கத்தில் வரும். சென்னைப் பதிப்பில் அந்தப் பக்கமே இருக்காது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய், கடனோடு நிற்கும் குடும்பத்தைப் பற்றி எழுதினால், அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதே கடற்கரைக்காரர்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் கையில் இருப்பது வேறு பக்கம். எல்லாப் பதிப்பிலும் வரும் பக்கத்தில் இடம் கிடைப்பது அபூர்வம். இன்று அதே மாதிரிச் செய்தியைச் சென்னையிலும் படிக்கிறார்கள், வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்களும் படிக்கிறார்கள். அவர்களே கூப்பிட்டு, படகு யார் பெயரில் இருக்கிறது, வலைக்கு யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று அடுத்த செய்திக்கான விவரத்தையும் தருகிறார்கள். இதற்காகவே மாறலாம் என்பேன்.

இழப்பும் உண்டு. பக்கம் முடிக்கும் நேரம் என்று ஒன்று இருந்ததால், அதற்குள் டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்தும் பிரிவில்) இருந்து சப் எடிட்டர் கூப்பிடுவார். வயது என்ன, எந்த ஸ்டேஷன் எல்லை, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, எதிர்த்தரப்பிடம் பேசினாயா? அந்தக் கேள்விகள்தான் செய்தியைக் காப்பாற்றின. இணையத்தில் முதல் வரி கிடைத்ததுமே போட்டுவிட்டு, அப்புறம் அப்டேட் செய்யலாம் என்பார்கள். போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில், இது மிகவும் ஆபத்து. குழந்தையை அடையாளம் காட்டும் ஒரு விவரம் வெளியே போனால், செய்தியை நீக்கினாலும் ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த நாலு கேள்விகளையும் இனி நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அச்சு செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று முடங்கும்போது மற்றதுதான் கைகொடுக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஒருநாள் சென்னையில் அச்சாகவில்லை. அன்று செய்தி இணையத்தில்தான் வந்தது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே சில நாட்கள் முடக்கினார்கள். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அறிய அங்கிருந்தவர்களுக்குக் காகிதமும் டிவியும்தான் இருந்தன. தமிழ்நாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

வேலைக்கு அழைத்தால் சம்பளத்தோடு இரண்டு விஷயங்களையும் கேட்டுவிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை செய்தி எதிர்பார்க்கிறார்கள், வெளியூர் போக பஸ் செலவு தருவார்களா? மற்ற தளங்களில் வந்ததை உட்கார்ந்த இடத்தில் மாற்றி எழுதுவதுதான் வேலை என்றால், இப்போது இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஊருக்குப் போய்ச் செய்தி எடுக்க விடுவார்கள் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போய்ச் சேருங்கள்.