வீட்டு ஊறுகாய்க்குத் தோழியின் பதிவு எண்ணைப் போடலாமா?

கேள்வி: திருநெல்வேலியில், எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் போட்டு, மாதம் ஏறக்குறைய ரூ.25,000-க்கு விற்கிறேன். இதுவரை தெரிந்தவர்களே வாங்கினார்கள். இப்போது இரண்டு மளிகைக் கடைகளில் கேட்கிறார்கள். ஆனால் பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம்) எண் இருக்க வேண்டும் என்கிறார்கள். முறுக்கு வியாபாரம் செய்யும் தோழி, தன் எண்ணையே போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடக் கூடாது. உங்கள் தோழி நல்ல மனத்தோடு சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 14 இலக்க எண், இன்னார் இன்ன முகவரியில் இன்ன உணவைத் தயாரிக்கிறார் என்பதற்கான அடையாளம். உங்கள் ஊறுகாயால் ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தால், அதிகாரிகள் அந்த எண்ணைக் கொண்டு தோழியின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கோளாறுக்குக் காரணமான பாட்டில்களோ உங்கள் வீட்டிலும் கடையிலும் அப்படியே இருக்கும். மேலும், தயாரித்தவரைப் பற்றித் தவறான விவரம் தரும் லேபிளுக்கு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 52-ஆம் பிரிவின்படி ரூ.3 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

அதற்கு அவசியமும் இல்லை. சிறு உணவுத் தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அதற்கான ஆண்டு விற்பனை வரம்பை 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் ரூ.12 லட்சம் என வகுத்தன, கட்டணத்தை ஆண்டுக்கு ரூ.100 என்றே வைத்தன. உங்கள் விற்பனை ஆண்டுக்கு ரூ.3 லட்சம்தான். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டுச் சமையலறை என்பது தடையில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்க்கக்கூடும் என்பதால், குடிக்கத் தகுந்த நீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, கை கழுவத் தனி இடம் ஆகியவற்றை இப்போதே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது எண்ணைப் பற்றியல்ல, பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி. தெரிந்தவர் வீட்டில் பத்து நாளில் தீர்ந்துவிடும் ஊறுகாய், கடை அலமாரியில் மாதக்கணக்கில் வெயில்பட நிற்கும். எண்ணெயில் ஊறும் ஊறுகாய்க்கு, துண்டுகளுக்கு மேல் அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும், இல்லையேல் மொத்தத்தில் எண்ணெய் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. அதன் காரணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்: எண்ணெய்க்கு மேல் ஒரு மாங்காய்த் துண்டு தலைகாட்டினாலும், வெள்ளைப் பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த முனையில்தான். எலுமிச்சையை எண்ணெயில்லாமல் உப்புநீரில் போடுவதானால், அந்த நீரில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. "உப்பு கம்மி" என்று வாடிக்கையாளர் கேட்பதற்காக அதைக் குறைத்துவிடாதீர்கள். இங்கே உப்பு ருசிக்கு மட்டுமல்ல, கெடாமல் காப்பதற்கும்தான். கழுவிய பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதற்காகவே.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், சைவக் குறியான பச்சை வட்டம், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி (பேட்ச்) எண், உங்கள் பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவை கட்டாயம். தேதியைப் பேனாவால் எழுதாதீர்கள். அண்மையில் ஒரு கடையில் நான் எடுத்துப் பார்த்த பாட்டிலில், மூடியிலிருந்து கசிந்த நல்லெண்ணெய் மையைக் கரைத்து, மாதம் மட்டும் தெரிய, ஆண்டு நீலக் கறையாகியிருந்தது. அதை வாங்கவும் முடியவில்லை, தயாரித்தவர் மேல் கோபப்படவும் மனம் வரவில்லை.

பலரும் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. எடை போட்டு அடைத்து விற்கும் பொருளுக்கு, சட்டமுறை எடையளவு விதிகளின்படி அடைப்பாளர் பதிவும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் தொடர்பு எண்ணும் வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்த்துக்கொள்கிறது.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை லேபிளை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் லேபிளிலும் வர வேண்டும் என்பதால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பாருங்கள்.