எண்ணூர் கழிமுகத்தில் நவீனமயம் 'பாடு' முறையை எப்படிக் குலைத்தது?

பாடு என்றால் முறை வைத்து மீன் பிடிக்கும் உரிமை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நீரோட்டமும் ஆழமும் சேர்ந்து வலைக்குத் தோதான இடங்கள் சிலவே. அடிதடி வராமலிருக்க ஊர்ப் பஞ்சாயத்து குடும்பங்களுக்கு நாள் பிரித்துக் கொடுக்கும். தெருக்குழாயில் குடம் வரிசை வைப்பது போலத்தான். குழாய் வறண்டால் வரிசைக்கு என்ன வேலை?

இங்கே வறண்டது ஆழம். வடசென்னை அனல்மின் நிலையம் (1994) சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறது. குழாய் கசிந்தால் சாம்பல் ஆற்றடியில் சிமெண்ட் போலப் படியும், ஆற்றின் அடி மேடாகும், வலை நிற்காது. கணக்குப் போடுங்கள்: 30 குடும்பத்துக்கு 3 இடம் என்றால் 10 நாளுக்கொரு முறை, 1 இடமே மிஞ்சினால் மாதத்துக்கு ஒன்று. பிள்ளைகள் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். நீரோட்டம் பார்க்கும் அறிவும் பஞ்சாயத்தின் பிடியும் அத்தோடு தளர்கின்றன. சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை.

மீனவர்கள் நவீனத்தை வெறுக்கிறார்கள் என்பது தவறு: நைலான் வலை, ஃபைபர் படகு, எஞ்சின் எல்லாம் வந்தபோதும் பாடு முறை நீடித்தது.