அண்ணன் பாதியில் விட்ட மோரிஸ் மைனர் யாருக்குச் சொந்தம்?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அண்ணன் ஐந்து மாதங்களுக்கு முன் திடீர் மாரடைப்பில் காலமானார். 1960களில் வந்த மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் விட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வந்தார். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி மாற்றியாயிற்று, வயரிங் பாதி முடிந்திருக்கிறது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. பழைய எஞ்சினுக்குப் பதிலாகப் போட டட்சன் ஏ12 எஞ்சின் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். உயில் எழுதவில்லை. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "இத நீதான்மா முடிக்கணும், இது உனக்குத்தான்." தங்கைக்கு ஆசை, அண்ணனின் முதல் வருடத் திதிக்குள் வண்டியை முடித்து ஓட்டி வரவேண்டும் என்று. சேமிப்பு கையில் இருக்கிறது. அண்ணி சம்மதிக்கிறார், அண்ணியின் தம்பி விற்றுவிடச் சொல்கிறார். பட்டறைக்காரரோ பாக்கியைக் கட்டாவிட்டால் வண்டியை விற்றுவிடுவேன் என்கிறார். அம்மா இருக்கிறார், அப்பா இல்லை. அண்ணனின் பிள்ளைகளுக்கு 14, 10 வயது. பட்டர்வொர்த்தில் அண்ணன் பெயரில், வங்கிக் கடனோடு, ஓர் அடுக்குமாடி வீடும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்: அந்த வண்டிக்கு இன்றைக்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவு செய்யாதீர்கள். அண்ணனுக்காக நீங்கள் செய்ய நினைப்பது நல்ல காரியம், அது நடக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் சட்டப்படி அந்த வண்டியில் இப்போது உங்களுக்குப் பங்கே இல்லை.

உயில் இல்லாமல் இறந்த, முஸ்லிம் அல்லாத ஒருவரின் சொத்து மலேசியாவின் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படிதான் பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. அப்பா இல்லாததால் அந்தக் கால் பங்கு முழுக்க அம்மாவுக்கு. ஆக அண்ணிக்குக் கால், அம்மாவுக்குக் கால், பிள்ளைகள் ஆளுக்குக் கால். மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று யாருமே இல்லாதபோதுதான் உடன்பிறந்தவர்களின் முறை வரும்.

அப்படியானால் அந்தக் குரல் பதிவு? அதை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அது உயில் ஆகாது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், அதை இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். உயிரோடு இருக்கும்போதே கொடுத்த அன்பளிப்பு என்று வாதாடலாமா என்றால், அன்பளிப்புக்குப் பொருளைக் கைமாற்றியிருக்க வேண்டும். வண்டி பட்டறையில் இருந்தது, கெரான், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, அவர் வீட்டு அலமாரியில் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்து சாவியையும் கெரானையும் உங்கள் கையில் கொடுத்திருந்தால் பேச இடம் இருந்திருக்கும், திடீர் மாரடைப்பில் அதுவும் இல்லை. இதை வைத்து வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எதிர்த்தரப்பில் நிற்கப்போவது அண்ணியும் அந்த இரண்டு பிள்ளைகளும்தான். பதிவை மட்டும் அழித்துவிடாமல் வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், குடும்பம் உட்கார்ந்து பேசும்போது அதற்கு மதிப்பு இருக்கும்.

செலவு செய்யாதீர்கள் என்று ஏன் சொன்னேன்? பிறகு வண்டியை விற்கும் நிலை வந்து, நீங்கள் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அண்ணன் மேல் உள்ள பாசத்தில் போட்டதுதானே" என்பார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவருக்குச் செய்து கொடுத்ததை அவர் அனுபவித்தால் ஈடு கேட்கலாம் என்கிறது. நினைவுச் சின்னமாகச் செய்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு, இலவசமாகச் செய்யவில்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால் பணம் போடுவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம், அதுதான் அவசரம். வேலை செய்து கொடுத்தவர், கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பிடித்து வைக்கும் உரிமை விற்கும் உரிமை ஆகாது. பாக்கி அண்ணன் விட்டுப்போன சொத்தின் கடன், உங்கள் தனிப்பட்ட கடன் இல்லை, அண்ணியுடையதும் இல்லை. இந்த வாரமே அண்ணி பெயரில் ஒரு கடிதம் போகட்டும்: வாங்கிய முன்பணம் எவ்வளவு, செய்த வேலை என்ன, கையில் இருக்கும் உதிரிப் பாகங்கள் எவை என்று எழுத்தில் கேளுங்கள், வண்டியை விற்கவோ பாகங்களைக் கழற்றவோ கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள். வண்டி நிறுத்தும் வாடகை என்று நாள் கணக்கில் கேட்டால், அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டதைக் காட்டச் சொல்லுங்கள். நேரில் போய்ப் படம் எடுங்கள், முக்கியமாகச் சேசி எண் உள்ள தகடு, இரண்டு எஞ்சின்களின் எண்கள். சொத்தைப் பாதுகாக்கச் செய்யும் இந்த வேலைகளுக்கு, இறந்தவரின் சொத்தைக் கவனித்துப் பிரித்துக் கொடுக்க அதிகாரம் பெறும் நிர்வாகியின் நியமனம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் விற்பது, பிரித்துக் கொடுப்பது, வண்டியை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது எல்லாம் அதிகாரம் இல்லாமல் சொத்தில் கை வைத்ததாகிவிடும்.

நிர்வாகியாக யார் ஆவது? வீடு இருப்பதால், மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் (2024 வரை 20 லட்சமாக இருந்த வரம்பு இது) உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சிறு சொத்துப் பகிர்வு என்று நில அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம், அதற்கான விண்ணப்பமான பாரம் ஏ-யில் வீட்டோடு இந்த வண்டியையும் மறக்காமல் சேருங்கள். பலர் வீட்டை மட்டும் எழுதிவிட்டு, பிறகு வண்டிக்காக ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் கவுண்டரில் நின்று தவிக்கிறார்கள். நிலமோ வீடோ இல்லாமல், அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருப்பவர்களுக்கு அமானா ராயா எனும் அரசு அறங்காவல் நிறுவனத்தின் வழி இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்தாது.

நிர்வாகியாக நீங்களே வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வராதீர்கள். நிர்வாகியாக இருப்பவர் அந்தச் சொத்தைத் தானே வாங்கினால், விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றாகி, பிள்ளைகள் பெரியவர்களானதும் கேள்வி கேட்க இடம் வரும். அண்ணி நிர்வாகியாக இருக்கட்டும், சிறு பிள்ளைகள் இருப்பதால் இரண்டாவது ஆளும் தேவை என்றால் அண்ணியின் தம்பியே வரட்டும். விற்கச் சொல்லும் அவரை வெளியே நிறுத்துவதைவிட, உள்ளே வைத்துக் கணக்கைக் காட்டுவது நல்லது.

வண்டி உங்களுக்கே வேண்டுமென்றால் அம்மாவும் அண்ணியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகளின் பாதியை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது, 18 வயது ஆகும்வரை அவர்களாலேயே முடியாது. அந்தப் பாதிக்கு நீங்கள் நியாயமான விலை கொடுத்தாக வேண்டும், பணம் அவர்கள் பெயரில் போக வேண்டும். மதிப்பீட்டை இப்போதே, வண்டி பாதி வேலையில் நிற்கும்போதே எடுங்கள். முடித்த பிறகு எடுத்தால் நீங்கள் உழைத்த மதிப்புக்கும் நீங்களே விலை கொடுப்பீர்கள். பழைய பினாங்கு எண் பலகைக்குத் தனி மதிப்பு உண்டு, அதையும் மதிப்பீட்டாளரிடம் சொல்லுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், வாங்கவே வேண்டாம். குடும்பத்தின் சொத்தாக அண்ணி பெயரில் பதிவாகட்டும், நீங்கள் முடித்துக் கொடுங்கள். ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள்: உங்கள் செலவுக்கு ரசீது வைக்கப்படும், ஒருநாள் விற்றால் முதலில் உங்கள் பணம் திரும்பும், வெளியாளுக்கு விற்கும் முன் அதே விலைக்கு உங்களைக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பங்கு அதில் தொடப்படாமல் இருக்க வேண்டும். அண்ணனின் மகன் சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான் என்று எழுதியிருந்தீர்கள், அந்தப் பையனின் அப்பா வண்டி அது. இந்த வழியில் அது அவனை விட்டுப் போகாது.

எஞ்சின் விஷயத்தில் கவனம். கெரானில் பழைய எஞ்சின் எண் இருக்கிறது, டட்சன் எஞ்சினைப் போட்டுவிட்டுப் பெயர் மாற்றப் போனால் பரிசோதனையில் எண் ஒத்துப்போகாது. முதலில் பெயர் மாற்றம், பிறகு ஜேபிஜே அனுமதியோடு எஞ்சின் மாற்றம், நிறம் மாற்றினால் அதையும் பதிவு. ஏ12 வாங்கிய ரசீது அண்ணன் மேசையில் இருக்கிறதா என்று தேடுங்கள், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சாலை வரி எத்தனை வருடம் கட்டாமல் கிடக்கிறது என்பதையும் கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத் திதிக்குள் இதெல்லாம் முடியுமா என்றால், ஓட்டி வரும் அளவுக்கு முடியாது என்றுதான் நினைக்கிறேன். நில அலுவலகத்தின் விசாரணைத் தேதி, வங்கிக் கடிதங்கள், ஜேபிஜே என்று ஒவ்வொன்றும் நேரம் எடுக்கும். வரியும் காப்புறுதியும் இல்லாமல் திதிக்காக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், விபத்து நடந்தால் ஓட்டியவரின் தலையில்தான் விழும். பட்டறைக் கணக்கு தீர்ந்து, நிர்வாகிகள் கையெழுத்தும் கிடைத்திருந்தால், இழுவை லாரியில் ஏற்றி வந்து அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தலாம், அதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை.

நில அலுவலகத்துக்குப் போகும்போது இறப்புச் சான்றிதழ், அண்ணியின் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லோருடைய மைகார்டு (அடையாள அட்டை), வீட்டுப் பத்திரம், கெரான் எல்லாவற்றிலும் அசலும் நகலும் எடுத்துப் போங்கள். அம்மாவின் பெயர் அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் மைகார்டில் வேறு மாதிரியும் இருந்தால் அதை முதலிலேயே சரிசெய்யுங்கள், நம் குடும்பங்களில் விசாரணை தள்ளிப்போவது பெரும்பாலும் அதனால்தான்.