மூச்சில் இழுக்கும் லெவோடோபா: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: நியூஜெர்சியில் எங்களுடன் வசிக்கும் என் மாமனாருக்குப் பார்கின்சன் நோய். கார்பிடோபா-லெவோடோபா மாத்திரையின் வீரியம் அடுத்த வேளைக்கு முன்பே குறைந்து, எடுத்த அடியை வைக்க முடியாமல் நின்றுவிடுகிறார். அந்த நேரத்தில் மூச்சில் இழுத்துக்கொள்ள நரம்பியல் மருத்துவர் இன்பிரிஜா என்ற லெவோடோபா பொடி கேப்சூலை எழுதிக்கொடுத்திருக்கிறார். 60 கேப்சூல் கொண்ட பெட்டிக்கு எங்கள் பங்காகக் கேட்கப்படும் தொகை மிக அதிகம். வாங்கினால் மாத்திரையைக் குறைத்துச் செலவைச் சமாளிக்கலாமா? குளிர்காலத்தில் அவருக்கு இழுப்பு வருவதால் வீட்டில் இன்ஹேலர் ஒன்று இருக்கிறது. அதிலேயே இதைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த இழுப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை. உள்ளே போகும் பொடி மூச்சுக்குழாயைத் திடீரென இறுக்கிவிடக்கூடும். நரம்பியல் மருத்துவருக்கு இழுப்பு பற்றித் தெரியுமா என்று இன்றே கேளுங்கள். அனுப்பிவிட்ட மருந்தை மருந்தகங்கள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதால், அவர் தெளிவாகப் பதில் சொல்லும்வரை பெட்டியை அனுப்பச் சொல்ல வேண்டாம். மனச்சோர்வுக்காக ஃபெனெல்சின், ட்ரானில்சிப்ரோமின் ஆகியவற்றில் ஒன்றை இப்போதோ கடந்த இரண்டு வாரங்களுக்குள்ளோ எடுத்திருந்தாலும் இதைத் தொடக்கூடாது.

மாத்திரையைக் குறைக்க முடியாது. லெவோடோபா மூளையை அடையுமுன் உடலில் சிதைந்துபோகாமல் காப்பது மாத்திரையில் உள்ள கார்பிடோபா. உறிஞ்சும் பொடியில் அது இல்லை. இன்பிரிஜாவுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் அனுமதி அளித்ததே, மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இடையில் வரும் 'ஆஃப்' நேரத்துக்காக, அதாவது வீரியம் குறைந்து அறிகுறிகள் திரும்பும் நேரத்துக்காகத்தான். மாத்திரை மந்தமான வயிற்றைக் கடந்து போக வேண்டியிருக்க, பொடி நுரையீரல் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது என்பதே இதன் பயன்.

வீட்டிலுள்ள இன்ஹேலரில் இதைப் போடவே கூடாது. பெட்டியோடு வரும் இன்ஹேலர் மட்டுமே இதற்கு உரியது. அந்தப் பெட்டியின் கேப்சூல்கள் தீர்ந்ததும் அதையும் எறிந்துவிட்டு, அடுத்த பெட்டியோடு வரும் புதியதைப் பயன்படுத்த வேண்டும். கேப்சூலை விழுங்கவும் கூடாது. (சாதாரண மாத்திரையைப் பொடித்து உறிஞ்சிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அது ஆபத்து என்று உறுதியாக மறுத்துவிடுங்கள்.)

ஒரு வேளைக்கு 42 மில்லிகிராம் கேப்சூல் இரண்டு. ஒன்றை முடித்த பிறகே மற்றொன்று. கை உலர்ந்திருக்க வேண்டும். பயன்படுத்தும் நேரத்தில்தான் கேப்சூலை உறையிலிருந்து எடுக்க வேண்டும். இன்ஹேலருக்குள் ஊதாமல், முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டு, இன்ஹேலரின் வாய்முனையை உதடுகளால் இறுகப் பற்றி ஆழமாக இழுக்கும்போது உள்ளே கேப்சூல் சுழலும் சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் இன்னும் ஆழமாக, நீளமாக இழுக்க வேண்டும். பிறகு ஐந்து விநாடி மூச்சை அடக்கி, கேப்சூலில் பொடி மீதமிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். கை நடுங்கி, உடல் இறுகியிருக்கும் நேரத்தில் இத்தனையையும் அவர் தனியாகச் செய்ய முடியுமா என்பதுதான், விலையைவிட முக்கியமாக, நீங்கள் வீட்டில் தீர்மானிக்க வேண்டியது என்று நினைக்கிறேன். கேப்சூலைப் பொருத்தித் தர ஒருவர் அருகில் இருப்பாரென்றால், மாமனார் நன்றாக இருக்கும் நேரத்தில் மருந்தாளுநர் முன்னிலையில் இருவரும் சேர்ந்து பழகிக்கொள்ளுங்கள்.

இனிச் செலவு. 60 கேப்சூல் என்பது 30 வேளை. நாளுக்கு அதிகபட்சமாக ஐந்து வேளை எடுக்கலாம். அப்படி எடுத்தால் பெட்டி ஆறே நாளில் தீரும், இரண்டு வேளை என்றால் பதினைந்து நாள் வரும். ஆகவே 'ஆஃப்' எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றியமைத்தாலே போதும் என்றுகூட அவர் சொல்லலாம். காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி கேட்டால் அந்தக் குறிப்பு அப்போதும் உதவும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. மாமனாருக்கு மெடிகேர் பார்ட் டி (அரசின் மெடிகேர் காப்பீட்டில் மருந்துகளுக்கான பிரிவு) இருந்தால், திட்டத்துக்குள் வரும் மருந்துகளுக்கு அவர் கையிலிருந்து கட்டும் தொகை 2026-இல் 2,100 டாலரைத் தாண்டாது. ஆனால் உற்பத்தியாளர் தரும் தள்ளுபடி அட்டையை மெடிகேரோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. பழைய துண்டறிக்கைகளில் முந்தைய உற்பத்தியாளரான அகோர்டாவின் பெயர் இருக்கும். 2024-இல் இந்த மருந்து மெர்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டதால், உதவித் திட்டங்களைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

பயன்படுத்தத் தொடங்கியபின் இருமல் வருவது சகஜம். ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வந்தது. சளி நிறம் மாறுவதும் உண்டு. மூச்சுத் திணறினால் உடனே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்கு அழையுங்கள். பகலில் திடீரென உறங்கிவிடுவது, இல்லாததைக் காண்பது, அடக்க முடியாத சூதாட்ட ஆசை போன்றவை தென்பட்டால் மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். இவற்றை எஃப்.டி.ஏ.வின் 1-800-332-1088 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.