ஆலையை மூடினால் சரக்கு எப்படி வரும்?

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை முள் குத்தி அம்மாவுக்குக் கால் சீழ் வைத்துவிட்டது. கிளினிக்கில் கிளிண்டாமைசின் கொடுத்தார்கள். சீழ் ரிப்போர்ட்டில் 'டி-டெஸ்ட் பாசிட்டிவ்' என்று வந்ததும் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். கிருமி புரதம் செய்வதைத் தடுக்கிற மருந்தாம் அது. ஆனால் இந்தக் கிருமி தன்னைக் காக்கப் புதுப் புரதம் செய்துகொள்ளுமாம். ஆலையையே மூடிவிட்டால் புதுச் சரக்கு எப்படி வரும்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டீர்கள். கிருமிக்குள் புரதம் செய்யும் மிஷினுக்கு ரைபோசோம் என்று பெயர். மருந்து எல்லா ரைபோசோமையும் ஒரே நேரத்தில் அடைப்பதில்லை. அடைபடுகிற ஒன்றே மற்றவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் சிலவற்றில் எர்ம்-சி என்றொரு மரபணு உண்டு. அதன் ஆர்.என்.ஏ. நகல் மடங்கிக் கிடக்கும். புரதம் தொடங்க வேண்டிய இடம் மடிப்புக்குள் மறைந்திருக்கும். அதற்கு முன்னால் 19 அமினோ அமிலம் (புரதம் கோக்கிற மணிகள்) கொண்ட ஒரு குட்டிச் சங்கிலிக்கான குறிப்பு. எரித்ரோமைசின் (ரைபோசோமை அடைக்கும் இன்னொரு மருந்து) பிடித்த ரைபோசோம் அதைப் படித்துக்கொண்டே போய் ஒன்பதாவதில் முடங்கிவிடும். உங்கள் ஊர் செம்பனை ஆலை வாசலில் லோரி பழுதாகி நின்றால் கேட்டைச் சாத்த முடியுமா? அப்படித்தான். மடிப்பு கலைந்து, மறைந்த இடம் வெளியே வரும். மருந்து பிடிக்காத ரைபோசோம்கள் அங்கே நுழைந்து எர்ம் புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் புதிதாகக் கட்டப்படும் ரைபோசோம்களில் மருந்து பிடிக்கிற இடத்திலுள்ள ஓர் அடினின்மேல் மெத்தில் என்ற சின்னத் துண்டை ஒட்டிவிடும். பிறகு மருந்து உட்கார இடமில்லை.

இந்த மரபணு இல்லாத கிருமியும் சும்மா இருப்பதில்லை. குடலில் வாழும் இ.கோலை கிருமிக்கு, புரதம் செய்வதைத் தடுக்கிற இன்னொரு மருந்தான குளோரம்ஃபெனிக்கால் கொடுத்தால் (1948-ல் கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே மருந்து) அமினோ அமிலங்கள் செலவாகாமல் தேங்கும். பஞ்சத்தில் ஏறுகிற பிபிஜிபிபி என்ற எச்சரிக்கை மூலக்கூறு இறங்கிவிடும். ஸ்டோரில் சாமான் நிறைந்திருப்பதாக ஏமாந்து, செல் ரைபோசோம் மரபணுக்களை இன்னும் வேகமாக நகலெடுக்கும். வேலை நின்ற ஆலையில் புது மிஷினுக்கு ஆர்டர் போடுகிற மேனேஜர்! எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை இது.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். கிருமி பூசிய தட்டில் எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் வில்லைகளை அருகருகே வைப்பார்கள். கிளிண்டாமைசின் எர்மை அவ்வளவாக எழுப்பாது. அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். எரித்ரோமைசின் பக்கத்தில் மட்டும் மரபணு விழித்துக்கொள்வதால் வட்டம் அங்கே தட்டையாகி 'டி' எழுத்துப்போல ஆகும். இரண்டு மருந்தும் உட்காருவது கிட்டத்தட்ட ஒரே இடம். எழுப்ப ஆளில்லாமலே அந்தக் கேட்டைத் திறந்துவைத்திருக்கும் திரிபுக் கிருமிகளும் கூட்டத்தில் இருக்கலாம்; கிளிண்டாமைசினைத் தொடர்ந்தால் அவைதான் மிஞ்சும். டாக்டர் பயந்தது அதற்குத்தான்.