ஹவில்தார் ஏன் கதவைத் தட்டினார்?

கேள்வி: புதிதாக 55 இஞ்ச் 4கே டிவியும் சவுண்ட்பாரும் வாங்கினேன். முதல் படமாக இரண்டாம் உலகப் போர் படமான 'சேவிங் பிரைவேட் ரையன்' ப்ளூ-ரே போட்டேன். படம் பளிச்சென்றே இல்லை. திரை முழுக்கப் புள்ளி, வெளுத்துப்போன கலர். பேசுவது கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், குண்டு விழும்போது ஜன்னல் அதிர்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே அமுங்கிப்போனது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஹவில்தார் வந்து கதவைத் தட்டிவிட்டார். எனக்கு விற்றது போலி டிஸ்க்கா?
— ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த ஆள் ஹவில்தார்தான். வந்து கதவைத் தட்டினார் என்று எழுதினீர்கள். தட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதவில்லை. 'சத்தத்தைக் குறைங்க' என்றாரா, 'இன்னா சார், எந்த சண்டை இது?' என்றாரா? இரண்டாவது என்றால் நீங்கள் பெரிய வாய்ப்பைத் தவறவிட்டீர்கள்.

நம்ம வட ஆற்காட்டில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவர் யூனிஃபார்ம் போட்ட ஊர். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு ஹவில்தாரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே போய் சவுண்ட்பார் மேனுவலைப் புரட்டியிருக்கிறீர்கள். உட்காரவைத்து ஒரு டீ கொடுத்திருந்தால், எது வெடிச்சத்தம், எது ஸ்பீக்கர் கிழிகிற சத்தம் என்று அவரே சொல்லியிருப்பார். எனக்கும் ஒரு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் ஒன்று. அவராக வந்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். ராத்திரி 8 மணிக்கு மேல் அவர் வீட்டில் என்ன ஓடியிருக்கும்? சீரியல். மருமகள் அழுகிற கட்டத்தில் உங்கள் படத்து நார்மண்டிச் சண்டை குறுக்கே வந்தால், உத்தரவு எங்கிருந்து பிறந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஹவில்தார் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகியவர். பாவம், கிளம்பி வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு அவர் வீட்டுக்கு மிலிட்டரி கேண்டீன் சாமான் வரும்போது உங்கள் ஞாபகம் வரவேண்டும் இல்லையா?

சரி, டிஸ்க். முதலில் அந்த அமுங்கிப்போன சத்தம். அது ரிப்பேர் இல்லை சார், காட்சியே அதுதான். நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் குண்டு பக்கத்தில் வெடித்து கேப்டனுக்குக் காது அடைத்துப்போகிறது. அவருக்குக் கேட்காதது நமக்கும் கேட்கக்கூடாது என்று சத்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு சிப்பாய் அறுந்து விழுந்த தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு நடக்கிறான், நமக்கோ தண்ணீருக்குள் காது வைத்த மாதிரி ஒரு 'ம்ம்' மட்டும். அந்த இடத்தில் நீங்கள் ரிமோட்டை எடுத்துக் கூட்டியிருப்பீர்கள். அப்புறம் சத்தம் முழுசாகத் திரும்பியபோது ஜன்னல் அதிர்ந்திருக்கும். ஹவில்தார் வந்த நேரத்தைக் கடிகாரத்தில் ஒத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். அந்தச் சண்டை முழுக்கப் பின்னணி இசை கிடையாது என்பதையும் கவனித்தீர்களா? இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் சும்மா இரு என்று சொல்ல ஒரு இயக்குநருக்கு நெஞ்சுரம் வேண்டும். நம்ம ஆட்கள் ஹீரோ செருப்பு மாட்டுவதற்கே நாற்பது வயலின் வைக்கிறார்கள். இதைச் சொன்னால் எனக்கு இசை விரோதி என்று பட்டம். போகட்டும்.

பேச்சு கேட்காததற்குக் காரணம் வேறு. தியேட்டர் கலவையில் ஒரு சேனலின் சாதாரண அளவு 85 டெசிபல், உச்சம் 105 என்று வைத்துக்கொண்டு கலப்பார்கள். முணுமுணுப்புக்கும் வெடிக்கும் நடுவில் அவ்வளவு தூரம். அதை அப்படியே நம் ஹாலுக்குக் கொண்டுவந்து பாதிச் சத்தத்தில் வைத்தால், முணுமுணுப்பு மின்விசிறிக்குக் கீழே போய்விடும். வேலூர் மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கரில் வரும். உங்கள் சவுண்ட்பாரில் அது தனியாக இல்லையென்றால் இடது வலதோடு கலந்து கரையும். பாரில் டயலாக் மோட் இருந்தால் போடுங்கள், நைட் மோட் இருந்தால் 9 மணிக்கு மேல் அதையும் போடுங்கள். நைட் மோட் என்பது வெடியை அமுக்கிப் பேச்சைத் தூக்கும். படத்துக்கு அது துரோகம்தான், ஆனால் அக்கம்பக்கத்துக்கு நல்லது. சப்-வூஃபரை மூலையில் தள்ளி, ஹவில்தார் வீட்டோடு பொதுவாக இருக்கிற சுவரில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். மூலை தாழ்ந்த ஒலியைப் பெருக்கும், சுவர் அதைத் தடுக்காது. இரண்டடி வெளியே இழுங்கள்.

இனி புள்ளி. இங்கேதான் எனக்குக் கோபம்.

அந்தப் படம் 1998-இல் வந்தது, ஃபிலிமில் எடுத்தது. புள்ளி என்று நீங்கள் சொல்வது ஃபிலிமுக்கே உரிய துகள், கிரெயின் என்பார்கள். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி லென்ஸ்களின் மேல்பூச்சைச் சுரண்டி எடுக்கச்சொல்லிப் பொருத்தினார், 1940-களின் கேமரா பார்த்த மாதிரி ஒளி சிதற வேண்டும் என்று. பிரிண்ட் கழுவும்போது வெள்ளியை முழுக்க எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். கறுப்பு கனத்தது, வண்ணம் வடிந்தது. வழக்கமாக 180 டிகிரி திறக்கிற ஷட்டரை 90-க்கும் 45-க்கும் குறைத்தார், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழுகிற நேரம் சுருங்கியது. அதனால்தான் குண்டு விழும்போது மணல் ஒரு புகைச்சலாகத் தெரியாமல் பொடிப்பொடியாகத் தனித்தனியே பறக்கிறது. ஓடுகிறவன் வெட்டி வெட்டி ஓடுகிறான். இத்தனையும் செய்ததற்கு அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஒலிக்கு இரண்டு, படத்தொகுப்புக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று. மொத்தம் 5. சத்துவாச்சாரியில் அதற்குக் கிடைத்த பரிசு: 'பளிச்சென்று இல்லை.'

இந்தப் பளிச் ஆசை டிவி கடையில் ஆரம்பிப்பதில்லை. கோயிலிலேயே ஆரம்பித்துவிட்டது. திருப்பணி என்ற பெயரில் கல்தூணின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அழுக்குப் போனது, அழுக்கோடு உளியின் தடமும் போனது. மூக்கு மழுங்கிய துவாரபாலகரைப் பார்த்து 'எவ்வளவு சுத்தமா இருக்கு' என்றவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு நடை வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். கல்யாண மண்டபத்துத் தூணில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கும், கீழே ஆள் மாட்டிக்கொண்டிருப்பான். கடிவாளத்தின் முடிச்சைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதன்மேல் மணல் அடித்தால் குதிரை மிஞ்சும், முடிச்சு மிஞ்சாது. இதை எழுதியதும் திருப்பணிக் கமிட்டிக்காரர்களிடமிருந்து எனக்கு வழக்கம்போல் கார்டு வரும். வரட்டும், முகவரி மாறவில்லை.

சினிமாவிலும் இதைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். 'பேட்டன்' என்று 1970-இல் வந்த போர்ப்படம், 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது. 2008-இல் ப்ளூ-ரே போட்டவர்கள் துகளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரை ஏவிவிட்டதில், தளபதி முகமும் சட்டைத் துணியும் மெழுகாகிவிட்டன. ரசிகர்கள் பிடித்துக் கிழித்தார்கள். 2012-இல் துகளோடு மறுபடி போட்டார்கள். கடையில் பழையதை எவராவது தள்ளுபடியில் நீட்டினால் வாங்காதீர்கள்.

உங்கள் டிவியும் இதே வேலையைத்தான் செய்யும். பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் 'விவிட்' போன்ற பளிச் மோடில் இருக்கலாம். அது கடை விளக்கொளியில் உங்களை இழுப்பதற்காக வைத்தது. 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். மோஷன் என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டிப்பாக அணையுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிற படத்தின் நடுவில் டிவி தானாகக் கற்பனை செய்து ஃப்ரேம்களைச் செருகும். கமின்ஸ்கி ஷட்டரைக் குறைத்து வெட்டிய ஓட்டத்தை இது வழவழவென்று ஒட்டிவிடும். அப்புறம் ஒமாஹா கடற்கரையும் அடுத்த வீட்டு மருமகளும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

போலி டிஸ்க்கா என்றால், புள்ளி தெரிகிறது என்கிறீர்களே, அதனால் அநேகமாக அசல்தான். படத்தை நசுக்கிச் சின்னதாக்கும்போது முதலில் சாவது துகள்தான். இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாக உடையும். ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது, அதனால்தான் மணலும் துகளும் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்று மட்டும் பாருங்கள்: 2010-இல் முதலில் வந்த ப்ளூ-ரேயில் உதடும் வசனமும் ஒத்துவராமல், திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுடையது அந்தப் பழைய சரக்காக இருந்தால் வாயைக் கவனித்தாலே தெரிந்துவிடும். 2018-இல் 4கே டிஸ்க் வந்துவிட்டது. அதிலும் துகள் உண்டு, இன்னும் நன்றாகவே தெரியும். புகார் எழுத இப்போதே பேனா எடுத்துவையுங்கள்.

நார்மண்டியை விடுங்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால், நம்ம கோட்டைக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. திருநீறும் நாமமும் தாடியும் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போடு என்றதற்குச் சிப்பாய்கள் திருப்பிக் கொடுத்த பதில். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, பின்னால் வந்த பீரங்கியால் கதவை உடைத்துப் படையை உள்ளே விட்டான். கருமருந்து வெடித்தால் எழுவது வெள்ளைப் புகை, பத்தடிக்கு அப்பால் எவன் நம்மாள் எவன் அவனாள் என்று தெரியாது. இதை ஒரு நாள் எவராவது படமாக எடுப்பார்கள். எடுக்கிறவர் புகையை அப்படியே விட்டுவைக்கட்டும். பாதி முகம்தான் தெரிகிறது, கலர் செத்துக் கிடக்கிறது என்று தயாரிப்பாளர் அலறுவார். அவருக்கு என் விலாசத்தைக் கொடுங்கள். கமிட்டிக்காரர்கள் கார்டோடு சேர்த்து அதையும் படித்துக்கொள்கிறேன்.