முதிய குதிரையின் பல்லை ஒரே நாளில் சீராக்கப் பார்க்காதீர்கள்

கேள்வி: பல வருடங்களாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த குதிரை ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். வயது இருபதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். விலா எலும்பு தெரிகிறது, வாய் நாறுகிறது. உலர்புல்லை மென்றுவிட்டு உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. பற்களை முழுவதும் ராவிச் சமப்படுத்திவிட்டால் சரியாகிவிடுமா? அதுவரை என்ன தீனி கொடுப்பது?

பதில்: ராவ வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் தீனியை மாற்றுங்கள், இன்றைக்கே. பல் வலியோடு இன்னும் சில நாள் குதிரை தாங்கும். எலும்பும் தோலுமாக இருப்பது பட்டினியைத் தாங்காது.

அதற்காகத் தானியத்தை அள்ளி வைத்துவிடக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். நன்றாகத் தின்னத் தொடங்கிய குதிரை மூன்றாவது, நான்காவது நாளில் சரிந்து விழுவது இதனால்தான். மிகவும் மெலிந்த குதிரைக்கு முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அரைக் கிலோ குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) போதும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அளவைப் படிப்படியாகக் கூட்டி, வேளைகளைக் குறைக்கலாம். அதன் பிறகு ஒரு நாளுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்தீவனம் என்பது கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ வரும். நனைப்பதற்கு முந்தைய எடை அது.

பல் கெட்ட குதிரைக்கு எதையும் உலர்வாகக் கொடுக்காதீர்கள். குதிரைமசால் குச்சித் தீவனமோ உலர்புல் கட்டிகளோ வாங்கி, குறைந்தது இரண்டு மடங்கு தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெந்நீரென்றால் சீக்கிரம் ஊறும், பச்சைத் தண்ணீரென்றால் சில மணி நேரம் ஆகும். நேரத்தை நம்புவதைவிடக் கையை நம்புங்கள்: ஒரு பிடி எடுத்துப் பிசைந்தால் நடுவில் கெட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது. வெப்பமான நாளில் இந்தக் கூழ் சீக்கிரம் புளித்துவிடும், மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவுங்கள். மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வழிந்து, கழுத்தை நீட்டி முக்கினால் உணவுக்குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாயில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இனி வாய். குதிரைக்கு மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். பக்கவாட்டில் அரைக்கும்போது மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்தி முனைபோல் நிற்கும். மேலே உள்ளவை கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளவை நாக்கை. இந்த முனைகளை மழுக்குவது எளிது, பலனும் உடனே தெரியும். சிக்கல் மற்றவற்றில்தான். ஒரு பல் தேய்ந்தோ விழுந்தோ போனால் எதிர்ப்பல் உயர்ந்து வளரும். நாளடைவில் பல்வரிசையே அலைபோல் ஏறி இறங்கும்.

அந்த அலையை ஒரே அமர்வில் மட்டமாக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். உயர்ந்த பல்லுக்குள்ளும் உயிருள்ள பற்கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்திசு, இருக்கிறது. ஒரு தடவைக்கு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால் அது திறந்துகொள்ளலாம். தண்ணீர் விட்டுக் குளிர்விக்காமல் மோட்டார் கருவியை ஓட்டினால் சூட்டிலேயே அந்தப் பற்கூழ் செத்துப்போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. குதிரையின் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஈறிலிருந்து எழும்பிக்கொண்டே இருக்கும். தாடைக்குள் இருக்கும் இருப்புதான் அப்படி வெளியே வருகிறது. இருபது தாண்டிய குதிரையிடம் அந்த இருப்பு கொஞ்சம்தான் மிச்சம். இளம் குதிரைக்கு அதிகம் ராவினாலும் பல் எழும்பி ஈடுகட்டும். இதற்கு அப்படி ஆகாது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமலே நின்றுவிடும். எனவே கூர்முனையை மழுக்கி, உயர்ந்ததைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே சரி.

பரிசோதனையைக் குதிரைப் பல்லில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் செய்ய வேண்டும்: மயக்க ஊசி, வாய்த் திறப்புக் கருவி, நெற்றி விளக்கு, கண்ணாடி, ஆய்வு ஊசி எல்லாம் வேண்டும். நீங்களே கைவிட்டுப் பார்க்காதீர்கள், கடைவாயில் அகப்பட்ட விரல் திரும்பாது. மெலிந்த முதிய குதிரை என்பதால் மயக்குவதற்கு முன் இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தெளியும்வரை தீனி வைக்கக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருக்கலாம் என்பதால் ரணஜன்னித் தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் நாற்றம் பற்களுக்கு இடையிலான சந்துகளிலிருந்து வர வாய்ப்பு அதிகம். அங்கே புல் திணிந்து, அழுகி, ஈறு புண்ணாகும். முதிய குதிரையின் வாயில் மிக வலிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மேலோட்டமாக ராவிவிட்டுப் போகிறவர் கண்ணில் படாமலே போய்விடும். சந்தைச் சுத்தம் செய்து கழுவச் சொல்லுங்கள். சில சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிய புல்லை நிறுத்துங்கள், அது ஆப்பு அடித்ததுபோல் உள்ளே ஏறும். மிருதுவான பச்சைப் புல் பரவாயில்லை.

ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்து முக எலும்பின் காற்றறைக்குள் பரவியிருக்கலாம், எக்ஸ்ரே தேவை. முன்பற்களின் ஈறு வீங்கி, காரட்டைக் கடிக்கத் தயங்கினாலும் எக்ஸ்ரே எடுங்கள். பதினைந்து வயதுக்கு மேல் முன்பற்களின் வேர் கரைந்து உப்பும் நோய் ஒன்று உண்டு. முன்பற்களை மொத்தமாக எடுத்த குதிரைகூட உதட்டாலும் நாக்காலும் புல்லைச் சேர்த்து நன்றாகவே தின்னும், அதற்குப் பயப்படாதீர்கள். கோடையிலும் நீள ரோமம் உதிராமல் இருந்தால் பிட்யூட்டரி (மூளையின் அடியிலுள்ள சுரப்பி) நோய்க்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அது இருந்தால் ஈறுப் புண் எளிதில் ஆறாது.

சிகிச்சைக்குப் பிறகு சில நாள் வாய் வலிக்கும். வலி மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள், நீர்ச்சத்துக் குறைந்த குதிரைக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடிவாளம் இப்போதைக்கு வேண்டாம்.

தேறுகிறதா என்று பார்க்க, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதுங்கள். ஒரு லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். நார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகவோ தானியம் முழுசாகவோ மிதந்தால் இன்னும் மெல்ல முடியவில்லை. கடைவாய்ப் பல் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தால், எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் அது உலர்புல்லை அரைக்காது. அந்தக் குதிரைக்கு ஆயுள் முழுக்க ஊறவைத்த தீனிதான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனையும்.